ஆறுமுகநயினார் கைராசி

தூத்துக்குடியில் ஆறுமுகநயினார் என்று ஒரு உப்பளத்துக் கணக்கப்பிள்ளை இருந்தார். தங்கமான மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அளத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை தடித்துப் பேசியது கிடையாது. நாள் முழுக்க உப்பு வெயிலில் நின்றாலும் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. ஆனால் அவருடைய சகலை தளவாயின் பேச்சை எடுத்தால் போதும், மனுஷருக்கு முகம் சுண்டிவிடும். கையில் இருக்கிற காப்பி ஆறிப்போகும். சாதாரணப் பொறாமை என்றால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அடங்கும். இது உட்கார்ந்தாலும் எரியும், படுத்தாலும் எரியும்.

தளவாய் யார் என்றால், ஆறுமுகநயினாரின் மனைவி பிச்சம்மாளுக்குக் கூடப்பிறந்த தங்கை வடிவைக் கட்டியவன். வயதில் இளையவன். துறைமுகத்தில் டேலி கிளார்க். தோணியில் ஏறிப்போய், வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில் மூட்டை எண்ணுகிற வேலை. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் இன்னும் கரைக்கு வர ஆரம்பிக்கவில்லை. தளவாய் ஆறுமுகநயினாருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவன் செய்த ஒரே குற்றம், அவனுக்குக் கைராசி இருந்தது.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஏரலில் மாமனார் வீட்டு வயலில் நாற்றுப் பாவும்போது முதல் பிடி விதையை யார் போடுவது என்பது பெரிய விஷயம்தான். கல்யாணமான வருஷம், மூத்த மருமகன் என்கிற முறையில் ஆறுமுகநயினார் போட்டார். ஆற்றில் வெள்ளம் வந்து நாற்றங்காலை மண் மூடிவிட்டது. மறு வருஷமும் போட்டார். பூச்சி விழுந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம்தான் பூச்சி விழுந்தது. ஆனால் மாமனார் தன் வயலை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு தளவாய் மருமகனாக வந்தான். விளையாட்டுப்போல முதல் பிடியைப் போட்டான், அந்தப் போகம் நெல் வைக்க இடமில்லை. அதோடு தீர்ந்தது. மூத்தவர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்க, இளையவன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வயலில் இறங்குவான். முருங்கைக் கொம்பு ஊன்றுவதா, தளவாய். புது அடுப்பு பற்றவைப்பதா, தளவாய். ஆறுமுகநயினார் வைத்த கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனதை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, மாமனார் வீடு. அங்கே வருஷத்துக்கு நாலு நாள் போகிறோம், பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கைராசி அளத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மழைக்காலம் முடிந்து பாத்தியில் புது உப்பு இறங்கியதும், மாசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கற்பூரம் காட்டி, கைராசியுள்ள ஒருவர் உப்பு வாருகிற பலகையால் முதல் உப்பை வாரித் தொடங்கிவைக்க வேண்டும். அது அந்த அளத்து வழக்கம். முதலாளி செந்தூர்பாண்டிக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. தளவாயின் கையைப் பற்றி யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, "கணக்கப்பிள்ளை, ஒங்க சகலையக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். அத்தனை வருஷம் அந்த வெயிலில் தோல் உரிந்த கணக்கப்பிள்ளை, தன் சைக்கிள் பின்னால் தளவாயை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். மாலையும் அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷம் உப்பு கொழித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அன்றைக்கு ஆறுமுகநயினார் மனதுக்குள் ஒன்று நினைத்தார். அடுத்த மாசியில் அந்தப் பலகை என் கையில் இருக்க வேண்டும். சாவதற்குள் ஒரு தடவை. அதற்கு என் கையால் ஏதாவது ஒன்று, ஊர் பார்க்க, தழைத்து வர வேண்டும்.

அந்த ஒன்று எது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மீன். சிரிக்காதீர்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் வீட்டில் மீன் என்றால் கண்ணாடித் தொட்டி மீன். ஒரு தடவை அளத்து வேலையாக மெட்ராஸ் போனவர், மூர் மார்க்கெட்டில் ஏஞ்சல் மீனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தட்டையாக, வரி வரியாக, மேலும் கீழும் நீண்ட துடுப்போடு, தண்ணீருக்குள் அது நிற்கிற நிலையே தனி. தூக்குவாளியில் போட்டு, ரயிலில் மடியில் வைத்து, மணியாச்சியில் தண்ணீர் மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தளவாயும் வந்து பார்த்தான். நல்லாருக்கே அண்ணாச்சி என்றான். ஒரு மாதத்தில் அவன் வீட்டிலும் ஒரு தொட்டி வந்துவிட்டது, ஒரு ஏஞ்சல் ஜோடியும் வந்துவிட்டது. இந்த ஆசையும் தன்னிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டதுதானே என்று ஆறுமுகநயினார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஏஞ்சல் முட்டை போடும், அதில் கஷ்டமில்லை. சிலேட்டுத் துண்டைச் சாய்த்துவைத்தால் அதில் வரிசையாக ஒட்டிவைக்கும். குஞ்சும் பொரிக்கும். ஆனால் நீந்த ஆரம்பித்த குஞ்சுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக. யாரோ கோழிமுட்டை மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். பிச்சம்மாள் வீட்டுக்குள் முட்டையா! கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, பழைய டின்னில் அவரே வேகவைத்தார். அவள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, அந்த டின்னை வேலிக்கு அந்தப் பக்கம் எறியும்வரை வாசற்படி ஏற விடவில்லை. இவ்வளவு மானம் கெட்டும் குஞ்சு பிழைக்கவில்லை. மஞ்சள்கரு தண்ணீரைக் கெடுத்தது, குஞ்சுகள் வெள்ளை நூலாக அடியில் கிடந்தன. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

தளவாய் வீட்டிலோ குஞ்சுகள் வளர்ந்தன. எல்லாம் ஒரு டப்பா செய்த வேலை. ஏதோ ஒரு கப்பலில் ரேடியோ ஆபீசர் ஒருவன், தன் அறையிலேயே மீன் வளர்க்கிறவன், தளவாய் மீன் பேச்சு பேசப்போய் பிரியத்தில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துவிட்டான். திறந்தால் மூக்குப்பொடி மாதிரி பழுப்புத்தூள். தூள் அல்ல, அவ்வளவும் முட்டை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை போட்டு ஜன்னலில் வைத்தால், மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் தூசி தூசியாகப் பூச்சி துள்ளுகிறது. வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசித் தொட்டியில் விட்டால் ஏஞ்சல் குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்று, வயிறெல்லாம் ஆரஞ்சாகி நிற்கின்றன. நாற்றமும் கிடையாது. "வடிவு அடுக்களையிலயே வச்சிப் பொரிக்கா" என்று பிச்சம்மாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "தம்பி எதத் தொட்டாலும் தழையத்தான் செய்யி" என்றும் சேர்த்துச் சொன்னாள். கட்டின பெண்டாட்டியே இப்படிப் பேசினால் மனுஷன் எங்கே போவான்?

புரட்டாசி கடைசியில் தளவாய் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. ஆறுமுகநயினாருக்கு அதைப் பார்க்கவே ஒரு தெம்பு வந்தது. விஷயம் இதுதான்: டப்பாவில் ஈரம் ஏறிப் பாதித்தூள் கெட்டுவிட்டது. மீதி சில நாள்தான் வரும். அந்தக் கப்பல் இனி எப்போது வருமோ தெரியாது. தொட்டியில் அப்போதுதான் ஒரு ஈடு குஞ்சு நீந்த ஆரம்பித்திருக்கிறது.

"அண்ணாச்சி, அந்தக் கப்பல்காரன் ஒண்ணு சொன்னான். இந்த முட்டை உப்பளத்துலயே கெடக்குமாம். காத்தடிக்கிற பக்கத்து மூலையில பழுப்பா நொரை மாதிரி ஒதுங்குமாம். ஒங்க அளத்துல பார்த்திருக்கியளா?"

பார்த்திருக்கிறாரா? தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார். கடல் தண்ணீரை ஏற்றிக் காயவைக்கிற பெரிய பாத்திகளில் சிவப்பாக, இறகு மாதிரி காலை ஆட்டிக்கொண்டு, மல்லாந்து நீந்துகிற பூச்சி அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. அதன் முட்டைதான் கரையில் ஒதுங்குகிற அந்தப் பழுப்பு அழுக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதையும் இப்போது தளவாயே சொல்லிவிட்டான்.

"இல்லியே தம்பி. எங்க அளத்துல அப்படி ஒண்ணும் கெடையாது" என்றார் ஆறுமுகநயினார்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தளவாய் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை கூடப் போனவர், போகிறபோக்கில் கேட்பதுபோல, அந்த முட்டையை எந்தத் தண்ணீரில் போட்டுப் பொரிக்கிறாய் என்று கேட்டார். தளவாய் நின்று, பொறுமையாக, ஒன்று விடாமல் சொன்னான். கடற்கரையில் போய் ஒரு குடம் கடல் தண்ணீர் எடுக்க வேண்டியது, வெளிச்சத்தில் வைக்க வேண்டியது, அவ்வளவுதான் அண்ணாச்சி, கடல் தண்ணி போதும் என்றான்.

தளவாய் தெருமுனை திரும்பும்வரை ஆறுமுகநயினார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கடல் தண்ணீராம்! யாரிடம் கதைவிடுகிறான்? கடல் தண்ணீருக்கு என்ன உப்புப் பலம் இருக்கிறது? மூன்று டிகிரிகூடச் சரியாக இராது. அதை நாள்கணக்கில் வெயிலில் காய்ச்சி, பாத்தி மாற்றிப் பாத்தி ஏற்றி, தண்ணீருக்குப் பலம் ஏற்றுவதுதானே அவருடைய ஜீவனம்? விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தால் எத்தனை டிகிரி என்று மீட்டர் இல்லாமலே சொல்வார். இந்தப் பூச்சி வாழ்வது பலமேறிய உப்புத் தண்ணீரில். அதைப் பச்சைக் கடல் தண்ணீரில் போட்டால் பொரிக்குமா? தான் மறைத்தது மாதிரியே அவனும் மறைக்கிறான். சரிக்குச் சரியாகிவிட்டது. இப்படி நினைத்தபிறகு, பொய் சொன்ன உறுத்தல்கூட இல்லாமல் போயிற்று.

மறுநாள் மத்தியானம், அளத்துப் பெண்கள் சாப்பிடப்போன நேரம் பார்த்து, பாத்தி மூலையில் குந்தி உட்கார்ந்து அந்தப் பழுப்பு அழுக்கைத் தன் டிபன் காரியரில் வழித்தார். சுடலைமாடத்தி என்கிற உப்பு சுமக்கிற பெண் பாதியில் வந்துவிட்டாள். என்ன ஐயா தேடுதிய என்று கேட்டாள். மோதிரம் விழுந்துவிட்டது என்றார். இவ்வளவு போதாதா? அவள் போய் ஒரு குரல் கொடுக்க, அத்தனை பெண்களும் சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டு வந்து, வெயிலில் அந்தக் கரை முழுக்க மோதிரம் தேடினார்கள். ஆறுமுகநயினாருக்கு மோதிரமே கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து குனிந்து குனிந்து தேடினார். சாயந்தரம் ஒருத்தி தெருவில் பிச்சம்மாளைப் பார்த்து, மோதிரம் கிடைக்கவில்லையே அம்மா என்று வருத்தப்பட்டாள். எந்த மோதிரம், யாருக்கு வாங்கின மோதிரம் என்று வீட்டில் அன்றைக்குப் பிடித்தது சண்டை. அழுக்கு அள்ளத்தான் அந்தப் பொய் என்று டிபன் காரியரைத் திறந்துகாட்டியும் பிச்சம்மாளுக்கு ஆறவில்லை. அழுக்கு அள்ள எவனாவது பொய் சொல்லுவானா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பழுப்புத்தூளைக் கழுவி, நிழலில் காயவைத்து, முற்றத்தில் வாயகன்ற மண்சட்டிகளை வரிசையாக வைத்தார். அளத்திலிருந்து அருமையான தண்ணீர் கொண்டுவந்தார், நாக்கில் வைத்தால் சுருக்கென்று இழுக்கிற தண்ணீர். தூளைத் தூவினார். மறுநாள் பார்த்தார், தூள் தூளாகவே மிதந்தது. பலம் போதவில்லை என்று இன்னும் ஏறிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். அசையவில்லை. கல்லுப்பையே ஒரு கை அள்ளிப் போட்டார். சட்டி ஓரத்தில் உப்புப் பூத்ததே தவிர ஒரு பூச்சி துள்ளவில்லை. நல்ல தண்ணீரை ஒரு செம்பு ஊற்றிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றாது. ஏறிய உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரை ஊற்றுகிறவனை அளத்தில் அடித்தே விரட்டுவார்கள்.

இதற்குள் அவருடைய ஏஞ்சலும் முட்டை போட்டது. முட்டை பொரித்து, குஞ்சுகள் சிலேட்டில் வாலை ஆட்டிக்கொண்டு ஒட்டிக்கிடந்தன. இன்னும் சில நாளில் நீந்தும். நீந்தினால் இரை வேண்டும். இரையில்லாவிட்டால் இந்த ஈடும் வெள்ளை நூல்தான், மாசியில் பலகை மறுபடியும் தளவாய் கையில்தான். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் சட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று, தளவாய் எதை மறைத்தான் என்று யோசிப்பார். என்ன மருந்து கலக்கிறான்? சூடு காட்டுகிறானா? பாவி, கூடப்பிறக்காத அண்ணனிடம் போய் மறைக்கிறானே என்று அவருக்கு நிஜமாகவே கோபம் வரும்.

தளவாய் வீட்டு நிலவரமும் வடிவு வாயிலாக வந்துகொண்டிருந்தது. தூள் தீர்ந்துவிட்டது. மஞ்சள்கரு கரைத்து ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சுகள் குறைந்துகொண்டு வருகின்றன, அவர் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் அத்தான் என்று வடிவு சொன்னாள். ஆறுமுகநயினார் உச்சுக்கொட்டினார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் திடீரென்று வானம் கறுத்து, அளத்தில் குவித்துவைத்த உப்புக்கு ஓலை மூடக்கூட நேரம் தராமல் கொட்ட ஆரம்பித்தது. கணக்கப்பிள்ளை முற்றத்துச் சட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்தார். பெண்களோடு பெண்களாக ஓலையை இழுத்துப்போட்டும் பாதி உப்பு கரைந்து ஓடியது. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தால், சட்டிகளெல்லாம் மழைத்தண்ணீரால் தளும்பி நின்றன. அவ்வளவு பலமான தண்ணீர் போயிற்றே! மழையை வாய்க்கு வந்தபடி திட்டினார். இதையெல்லாம் எடுத்து ஓரமாகவாவது வைக்கக் கூடாதா, சரி, இப்போதாவது கொட்டிக் கவிழ்த்துவை என்று பிச்சம்மாளிடம் கத்தினார்.

"மோதிரம் தேடி அள்ளிட்டு வந்த அழுக்குதான? நீங்களே கொட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சண்டைதான் காப்பாற்றியது. அவரும் வீம்புக்குக் கொட்டவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்தபிறகு, சரி, நாமே கொட்டுவோம் என்று முதல் சட்டியைச் சாய்க்கப் போனவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மேல் தண்ணீரில், வெயில் விழுந்த பக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் புகைபோல ஏதோ திரண்டிருந்தது. குனிந்து பார்த்தார். புகை துள்ளியது. தூசி தூசியாக, கோடிக்கணக்கில். அடுத்த சட்டியிலும். அதற்கடுத்ததிலும். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். கனத்த உப்புத் தண்ணீர் அடியில் தங்கிவிட, மழை மேலே நின்று லேசாகக் கலந்திருந்தது. அந்த ருசி அவருக்குத் தெரியாததா? தூத்துக்குடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கடல் தண்ணீர் ருசி.

முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கடல் தண்ணி போதும் அண்ணாச்சி என்று அவன் வாசலில் நின்று சொன்னது காதுக்குள் கேட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தது அவன் இல்லை.

அவருடைய குஞ்சுகள் அன்றைக்குத்தான் நீந்தத் தொடங்கியிருந்தன. துணியில் வடிகட்டி, அலசி, தொட்டியில் விட்டார். ஒவ்வொரு குஞ்சும் திரும்பிப் பார்த்து, ஒரு நெளி நெளிந்து, பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தனை வயிறும் ஆரஞ்சு. மனுஷர் அழுதேவிட்டார். சட்டிகளில் மிச்சம் கிடந்ததை வைத்து இரண்டு வீட்டுத் தொட்டியென்ன, பத்து வீட்டுத் தொட்டிக்கு இரை போடலாம். தளவாய் வீடு ரெண்டு தெரு தள்ளி. ஒரு செம்பில் மொண்டுகொண்டு போனால் முடிந்தது. போகத்தான் நினைத்தார். துண்டைக்கூடத் தோளில் போட்டுவிட்டார். எங்கிருந்து வந்தது அண்ணாச்சி என்று கேட்டால் என்ன சொல்வது? நாளைக்குப் போகலாம். மறுநாள் அளத்தில் வேலை இருந்தது. அதற்கு மறுநாள், இன்னும் ஒரு நாள் கழித்துப் போனால் நம் குஞ்சு கொஞ்சம் முந்திக்கொள்ளுமே என்று ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தது. அந்த எண்ணத்தைப் பார்த்து அவரே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாரே தவிரப் போகவில்லை. சாயந்தரம் வடிவு வந்து, எல்லாம் போச்சு அத்தான், மஞ்சள்கருவில் தண்ணீர் கெட்டுப் பெரிய மீனும் போச்சு, ஒண்ணுகூட மிஞ்சவில்லை, அவர் தொட்டியையே கழுவிக் கவிழ்த்துவிட்டார் என்றாள்.

கார்த்திகை, மார்கழி எல்லாம் ஆறுமுகநயினார் காட்டில் மழை. குஞ்சுகள் காசு அளவுக்கு வளர்ந்து, வரி விழுந்து, துடுப்பு நீண்டு, கண்ணாடித் தொட்டி முழுக்க நின்றன. தெரு வந்து பார்த்தது. ஏரலிலிருந்து மாமனார் வந்து பார்த்து, மாப்பிள்ளை கையிலயும் ராசி இல்லாம இல்ல என்றார். பிச்சம்மாள் மோதிரத்தை மறந்து சிரித்துப் பேசினாள். முதலாளி செந்தூர்பாண்டி காரிலிருந்து இறங்கி வந்து, தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போகும்போது, வருகிற மாசியில் நீங்களே வாரிக்கொடுத்திருங்க கணக்கப்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ராத்திரி படுத்தால் தளவாய் கழுவிக் கவிழ்த்த தொட்டிதான் கண்ணில் வந்து நின்றது.

தை பிறந்தபிறகு தளவாய் வந்தான். முன்மாதிரியே வாய் நிறைய அண்ணாச்சி. தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு முற்றத்துக்கு வந்தவன், சட்டியில் துள்ளுகிறதைப் பார்த்து நின்றான். எந்தக் கப்பலில் வந்தது அண்ணாச்சி என்று கேட்டான். ஆறுமுகநயினாருக்கு ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது. அதற்குள் அடுக்களையிலிருந்து பிச்சம்மாள் குரல் வந்தது.

"கப்பலா? நல்லாச் சொன்னிய தம்பி. மோதிரம் தேடுதேன்னு ஊர ஏமாத்திட்டு, அளத்து மூலையிலருந்து அள்ளிட்டு வந்தாவ. அது ஆச்சு, ஐப்பசி மழைக்கு முன்னால."

ஆறுமுகநயினார் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தளவாய் குனிந்து, விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான்.

"கடல் தண்ணியா அண்ணாச்சி?"

"ஆமா."

"நான் சொன்னேம்லா" என்றான் தளவாய்.

அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவன் நிமிர்ந்து வேட்டியைத் தட்டினான். தொட்டி சும்மா கிடக்கிறது, எனக்கு ஒரு நாலு குஞ்சு கொடுங்க என்றான். "ஒங்க கையாலயே புடிச்சிப் போடுங்க அண்ணாச்சி. ராசியான கை."

குத்திக்காட்டுகிறானோ என்று ஆறுமுகநயினார் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். குத்தல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. வலையைத் தண்ணீரில் விட்டபோது கை நோஞ்சான் குஞ்சு பக்கம் ஒரு தடவை போயிற்று. பிறகு இருப்பதிலேயே பெரிய நாலைப் பிடித்துத் தூக்குவாளியில் போட்டார்.

மாசியில் நாள் குறித்தார்கள். தளவாயையும் வரச் சொல்லியிருந்தது, விட்டுவிட்டால் ஊர் பேசும். பாத்தியில் புது உப்பு கண்ணைக் கூசியது. முதலாளி கற்பூரம் காட்டி, மஞ்சள் தடவின பலகையைக் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தார். ஆறுமுகநயினார் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷமாகக் கனாக் கண்ட பலகை. திரும்பித் தளவாயிடம் நீட்டினார்.

"நீ வாரு தம்பி. இது என் கை இல்ல."

"மொதலாளி ஒங்களத்தான கூப்புட்டிருக்காவ. வாருங்க அண்ணாச்சி" என்றான் அவன்.

வாரினார். உப்பு பொலபொலவென்று ஏறி வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சுடலைமாடத்தி, ஐயா கை நல்ல கை என்று உரக்கச் சொன்னாள். ஆறுமுகநயினார் அவளைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை. தளவாயின் முகத்தைத்தான் பார்த்தார். போன வருஷம் இதே இடத்தில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தான் நின்ற நிலையை அதில் தேடினார். ஒரு சுருக்கம், ஒரு கசப்பு, எங்கேயாவது ஒரு பொட்டு எரிச்சல். தளவாய் தன் வீட்டுக் கல்யாணம்போலப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

கைராசியைக் கடைசியில் வாங்கியாகிவிட்டது. இந்த முகத்தை எங்கே போய் வாங்குவது? அப்படி நினைத்த மாத்திரத்தில், பலகை கையில் இருக்கும்போதே, ஆறுமுகநயினாருக்குப் பழைய இடத்திலேயே வயிறு பற்றிக்கொண்டது.